41-ஆம் நாளில் வந்த சிரிப்பு

உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். 35-ஆம் வாரத்தில் பெண் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிட்டது, முகத்தைக்கூடக் காட்டவில்லை, நேற்றோடு 41 நாள் ஆனது, வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றுக் காலையில் அவன் இட்லி மாவுப் பாத்திரத்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, தாடையெல்லாம் அப்பிக்கொண்டு, 'அம்மா, நான் தாத்தா ஆயிட்டேன்' என்று வந்து நின்றிருக்கிறான். நீங்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறீர்கள். மாமியார் அடுப்படி நிலையில் நின்று பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி முழுக்க நீங்கள் தூங்கவில்லை. எப்போது சரியாகும், பையனிடம் என்ன சொல்வது, வாங்கி வைத்த துணிகளை என்ன செய்வது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாத கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: 'அதுக்குள்ள சிரிக்க முடியுதுன்னா நான் அவளுக்கு அம்மாதானா?' மற்ற மூன்றுக்கும் வருகிறேன். இதை முதலில் பேசிவிடுவோம்.

நான் 34 வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மனநல மருத்துவம் நான் படித்ததில்லை. அந்த அளவுக்குள் நின்றுதான் பேசுவேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1994-ஆம் வருடம் ஆவணி மாதத்தில், 37-ஆம் வாரத்தில், எனக்கும் ஒரு பெண் குழந்தை இறந்து பிறந்தாள். மூத்தவனுக்கு அப்போது மூன்று வயது. ஆகவே கீழே எழுதுவதில் கொஞ்சம் படித்தது, கொஞ்சம் வார்டில் பார்த்தது, கொஞ்சம் என் வீட்டில் நடந்தது. எது எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டுக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களை மகளே என்று கூப்பிட எனக்கு வயது இருக்கிறது. அப்படியே கூப்பிடுகிறேன்.

மகளே, அந்தச் சிரிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. துக்கம் என்பது மாடிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் தரைக்கு வந்துவிடும் என்று ஒரு நினைப்பு எல்லாரிடமும் இருக்கிறது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாவை எதிர்பார்த்துக் கிடந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து. பிள்ளையைப் பறிகொடுத்த தாயை வைத்து எழுதியது இல்லை. அதனால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நான் வார்டில் பார்த்ததோடு ஒத்துப்போவது, நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999-இல் சொன்னதுதான். பறிகொடுத்தவர் மனசு இரண்டு பக்கமும் போய்ப்போய் வரும் என்றார்கள். ஒரு நேரம் அந்தக் குழந்தையோடேயே கிடக்கும். ஒரு நேரம் பால் பொங்குகிறது, பையனுக்குச் சட்டை தேய்க்கவில்லை என்று எழுந்து வரும். அப்படிப் போய் வருவதுதான் ஆறுகிற வழி. ஒரே பக்கம் உறைந்து நின்றுவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

சிரிப்பைப் பற்றியே ஓர் ஆய்வு உண்டு. டாச்சர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரண்டு பேர் 1997-இல் வெளியிட்டது. கணவனையோ மனைவியையோ இழந்து ஆறு மாதம் ஆனவர்களைப் பேசவைத்து, அவர்கள் முகத்தைக் கவனித்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போதே இடையில் கண்ணும் சேர்ந்து சிரித்தவர்கள், தங்கள் வேதனையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று மூச்சுவிட முடிந்தவர்களாக இருந்தார்கள். இதை அப்படியே உங்கள் மேல் வைத்து அளக்க மாட்டேன். அது துணையை இழந்தவர்களிடம் பார்த்தது. சிரித்ததால் பாரம் குறைந்ததா, பாரம் குறைந்ததால் சிரிப்பு வந்ததா என்பதையும் அந்த ஆய்வை வைத்துத் தீர்த்துவிட முடியாது. ஆனால் நர்ஸாக ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பிள்ளை போன தாய் அழுவதைப் பார்த்து நாங்கள் பயந்ததில்லை. எதற்கும் அழாமல், எதற்கும் சிரிக்காமல், மூத்த பிள்ளை மடியில் ஏறினாலும் கை தூக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பவளைப் பார்த்துத்தான் டாக்டரைக் கூப்பிட ஓடியிருக்கிறோம். உங்கள் பையன் மாவோடு வந்து நின்றபோது உங்கள் முகம் அவனுக்குப் பதில் சொன்னது. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

எனக்கு அந்த முதல் சிரிப்பு எப்போது வந்தது என்று நாள்கூட ஞாபகம் இருக்கிறது. அவள் போய் இருபத்தி மூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை. என் அம்மா சுட்டுவைத்த உளுந்த வடையை மூத்தவன் திண்ணையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். காக்கா ஒன்று வந்து கையில் இருந்ததைக் கொத்திக்கொண்டு முருங்கை மரத்துக்குப் போய்விட்டது. அழுவான் என்று எழுந்து போனேன். அவன் அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து, 'ஏய், எங்கப்பா வரட்டும், சொல்றேன் இரு' என்றான். எனக்கு வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். யாரோ என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தக் குழந்தை மண்ணுக்குள் இருக்கிறாள், நீ இங்கே பல்லைக் காட்டுகிறாயே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் மாதிரியேதான். அன்றைக்கு வேறு யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது நான்தான் என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

நேற்று பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதபோது உங்கள் ஜாக்கெட் நனைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று உடம்பு பார்ப்பதில்லை. நஞ்சுக்கொடி வெளியே வந்துவிட்டால் போதும், பால் சுரக்கச் சொல்லி உத்தரவு போய்விடும். இரண்டு மூன்று நாளில் கட்டிக்கொள்ளும். நிறுத்த மாத்திரை இருக்கிறது. காபர்கோலின் என்பது இப்போது பலர் எழுதுவது, ரத்தக் கொதிப்பு இருந்தவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள், அதனால் கேட்காமல் வாங்கிப் போடக்கூடாது. ஆறு வாரம் கழித்து அழுகைச் சத்தத்துக்கு ரெண்டு சொட்டு கசிவது சகஜம். பிழியாமல், நன்றாகத் தாங்கும் ஒரு உள்ளாடை போட்டுக்கொண்டு, வலித்தால் ஈரத்துணி வைத்தால் தானாக அடங்கும். சிவந்து, காய்ச்சலும் வந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

1994-இல் என் அம்மா மாத்திரைக்குக் காத்திருக்கவில்லை. ரெண்டு முழம் நெருக்கமாகக் கட்டிய குண்டுமல்லியை வாங்கிவந்து, மார்பில் வைத்து, பழைய நூல் புடவையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாள். நான் நர்ஸ், இதெல்லாம் எதற்கு என்று முனகினேன். பேசாமல் கட்டிவிட்டுப் போனாள். பிறகுதான் தெரிந்தது, இந்த மல்லிகைப்பூ வைத்தியத்தைத் தென்னிந்தியாவில் சோதித்துப் பார்த்து, பாலை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இலேயே ஒரு கட்டுரை வந்திருக்கிறது என்று. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனை மாத்திரை அதிகம் குறைத்தது. ஆனால் பால் கட்டுவதிலும் வலியிலும் பூவும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. சின்ன ஆய்வுதான். பூவின் மணம்தான் வேலை செய்ததா, கட்டிய கட்டா என்றால் இரண்டுக்கும் பங்கு இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. எனக்கு அதில் மிஞ்சியது வேறு. மூன்று நாள் அந்தப் பூ என் உடம்புச் சூட்டில் வாடிக் கருத்து மணந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருடம் குண்டுமல்லியைத் தலையில் வைக்க முடியவில்லை. என் மகளின் சடங்கன்றுதான் மறுபடி வைத்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல மணமாகத்தான் இருந்தது.

'நான் ஸ்கூட்டியில் போனேன், கிரகணத்தன்று வெளியே வந்தேன், பப்பாளி தின்றேன்' என்று நீங்கள் போட்டிருக்கும் பட்டியலுக்கு ஒரு வார்த்தை. கிரகணத்தால் எந்தக் குழந்தையும் இறந்ததில்லை. ஒரு துண்டு பழுத்த பப்பாளியாலும் இல்லை. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதது, அது முன்கூட்டியே பிரிவது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, தொற்று, தொப்புள்கொடிச் சிக்கல் இவைதான் அதிகம் பார்த்த காரணங்கள். எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் இதுதான் என்று கை காட்ட முடியாதவையும் கணிசமாக உண்டு. அப்படி 'தெரியவில்லை' என்று டாக்டர் சொன்னால் அவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தமில்லை. உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 19 லட்சம் குழந்தைகள் 28 வாரத்துக்குப் பிறகு இப்படி இறந்து பிறக்கின்றன என்பது ஐநா அமைப்புகளின் கணக்கு. அத்தனை தாயும் ஏதோ ஒரு பட்டியல் வைத்திருப்பாள். உங்கள் டிஸ்சார்ஜ் காகிதங்களையும் நஞ்சுக்கொடிச் சோதனை செய்திருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் பத்திரமாக வையுங்கள். அடுத்து எப்போதாவது கர்ப்பமானால், முதல் நாளிலேயே அது டாக்டர் கையில் இருக்க வேண்டும்.

பையன் விஷயம். 'பாப்பா தூங்குது' என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மாற்றிச் சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பி வர முடியாதது என்று இன்னும் பிடிபடாது. தூங்குகிறது என்றால் எப்போது எழுந்திரிக்கும் என்று கேட்பான். கொஞ்சநாளில் தான் தூங்கவே பயப்படுவான். 'சாமிக்குப் பிடிச்சுப்போச்சு, கூட்டிட்டுப் போயிட்டாரு' என்றால், தன்னையும் சாமிக்குப் பிடித்துவிடுமோ என்று நினைப்பான். இந்த வயதில் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. 'எனக்குப் பாப்பா வேணாம்னு சொன்னேன், அதான் செத்துப்போச்சு' என்று உள்ளுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்வார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள். நான் வார்டில் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: 'பாப்பா அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே இறந்துபோயிட்டா. இறந்துபோனா உடம்பு அசையாது, பசிக்காது, வலிக்காது. இனிமே வர மாட்டா. நீ சொன்னதுனாலயோ செஞ்சதுனாலயோ இப்படி ஆகல. அம்மாவுக்கு அழுகை வருது, ஆனா அம்மா நல்லா இருக்கேன், உன்கூடத்தான் இருப்பேன்.' ஒருமுறை சொன்னால் போதாது. நாளைக்கும் கேட்பான், பஸ்ஸில் போகும்போது சத்தமாகக் கேட்பான். அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அடுத்த நிமிடமே 'எனக்கு பிஸ்கட்' என்பான். அவனுக்கு மனசில்லை என்று நினைக்காதீர்கள். அவன் தாங்கக்கூடிய அளவுதான் ஒரு வேளைக்கு எடுத்துக்கொள்கிறான்.

மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதியது ஒரே வரி. 'பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லல.' அந்தப் பேசாமையை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். அது அப்படியும் இருக்கலாம், எனக்கு உங்கள் மாமியாரைத் தெரியாது. ஆனால் என் மாமியாரைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தை போன பிறகு என்னிடம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தொட்டில் கட்ட வைத்திருந்த புடவையை மடித்துப் பரணில் போட்டார். ரசம் வைத்தார், பையனைக் குளிப்பாட்டினார். கல்நெஞ்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து, கார்த்திகை மாதம், மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், ரெண்டு பேரும் முற்றத்தை ஒட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, முகத்தைத் தூக்காமலே சொன்னார்: 'நான் ஏழு பெத்தேன். நாலுதான் தங்குச்சு.' எனக்குக் கை நின்றுவிட்டது. ஆறு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், நாலு என்றுதான் எனக்குத் தெரியும். 'மூணாவது பொண்ணு. எட்டு மாசம் இருந்தா. தவழ்ந்து வந்து இந்தா, இந்த உரலப் பிடிச்சிட்டு நிப்பா.' அவ்வளவுதான். தோலை முறத்தில் தள்ளிவிட்டு எழுந்து போனார். வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அன்றைக்கு அந்த வேளையைத் தேர்ந்தெடுத்தாரோ என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தலைமுறையின் கணக்கைப் பார்த்தால் புரியும். 1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயது காணவில்லை. 2020-இல் அது 28. என் மாமியார் பிள்ளை பெற்றது 1971-க்கும் முந்தைய காலம். ஒன்றைப் புதைத்துவிட்டு வந்து அடுத்ததற்குப் பால் கொடுக்க வேண்டிய பெண்கள் அவர்கள். திரும்பிப் பார்க்காதே, பேர் சொல்லாதே, படம் மாட்டாதே என்ற வழக்கமெல்லாம் அவர்கள் தாக்குப்பிடிக்கப் போட்டுக்கொண்ட கட்டு. உங்களுக்கும் அந்தக் கட்டுத்தான் சரி என்று சொல்லவில்லை. 'இதெல்லாம் ஒரு பிள்ளையா, கணக்கிலயே வராது' என்று யாரோ அத்தை சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். புறநானூற்றில் 74-ஆம் பாட்டு, சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது, குழந்தை இறந்து பிறந்தாலும், வெறும் சதைப்பிண்டமாகப் பிறந்தாலும், 'இது ஆள் அல்ல' என்று தள்ளிவிட மாட்டார்கள், வாளால் கீறித்தான் புதைப்பார்கள் என்கிறது. போரில் சாகாத உடம்புக்கு அக்காலத்து வீரர் குலம் செய்த சடங்கு அது. அந்தச் சடங்கு நமக்கு ஆறுதல் தராது. ஆனால் இறந்து பிறந்ததும் ஆள்தான் என்று சங்க காலத்திலேயே இந்த மொழியில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 28 வாரம் கடந்து இறந்து பிறந்த குழந்தையை 1969-ஆம் வருடப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் தகவல் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பதிவாகியிருக்கிறதா என்று வீட்டுக்காரரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். வேலைக்குப் போகிறவர் என்பதால் இதையும் சொல்கிறேன். 1961-ஆம் வருட மகப்பேறு நலச் சட்டத்திலேயே (2025-இல் அதற்குப் பதிலாகப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது) 'குழந்தை' என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்தி என்று விளக்கம் இருந்தது. கருச்சிதைவுக்கு உரிய ஆறு வாரம்தான் என்று அலுவலகத்தில் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2022-இல் இதற்கென்றே 60 நாள் சிறப்பு விடுப்பு ஆணை வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். அவர் நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் அதேதான். உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குக் குழந்தையின் முகத்தைக் காட்டவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அவளைக் கையில் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். என் விஷயத்தில், பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில் பச்சைத் துணியில் சுற்றி நேராக வெளியே கொண்டுபோனார்கள். 'பாக்காத, பாத்தா மறக்க முடியாது' என்றார்கள். பார்க்காவிட்டாலும் மறக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, இளையவள் வயிற்றில் இருந்த சமயம், ஒருநாள் ராத்திரி கரண்ட் போய், மொட்டை மாடியில் படுத்திருந்தபோது என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவ எப்படி இருந்தா என்று. ரொம்ப நேரம் பதில் இல்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு, 'உங்கம்மா காது. மேல கொஞ்சம் மடிஞ்சிருக்கும்ல, அப்படியே. முடி நிறைய. நெத்தில ஒட்டியிருந்துச்சு, நான் ஒதுக்கிவிட்டேன்' என்றார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனதை, பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது தலைக்குக் கை கொடுத்துப் பிடித்ததை, குழியில் வைக்கும்போது வெட்டியான் 'நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க சார்' என்று சொன்னதை எல்லாம் அன்றைக்குத்தான் சொன்னார். மூன்று வருடம் அந்த மனுஷன் அதைத் தனியாக வைத்திருந்தார். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கும் கேட்கப்பட வேண்டிய ஒன்று இருக்கலாம். அவர் சொல்ல மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், கேட்டு வையுங்கள்.

வார்டுக்குத் திரும்பிய பிறகு, நான் டியூட்டியில் இருந்த நாட்களில், தாயிடம் கேட்காமல் எந்தக் குழந்தையையும் வெளியே அனுப்பவில்லை. 'பார்க்கிறீர்களா, தொட்டுப் பார்க்கிறீர்களா, வேண்டாமா' என்று கேட்பேன். வேண்டாம் என்றால் சரி. இது சரியா என்பதில் படித்தவர்களுக்குள்ளேயே மாறுபாடு இருந்தது. 2002-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு சின்ன ஆய்வு, குழந்தையைக் கையில் வாங்கியவர்களுக்கு மனச்சோர்வு அதிகம் என்றது. பிறகு ஸ்வீடனில் பார்த்தவை வேறு மாதிரி சொல்லின. இப்போது பொதுவாக ஒப்புக்கொண்டது, தாயின் விருப்பம் கேட்க வேண்டும், தள்ளவும் கூடாது, தடுக்கவும் கூடாது என்பது. உங்களிடம் கேட்கவில்லை. அது நடந்திருக்கக்கூடாது.

எப்போது சரியாகும் என்றீர்கள். தேதி சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மருத்துவக் கையேடுகள் 'நீடித்த துக்கம்' என்று ஒரு நிலையைச் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்குக் குறைந்தது ஆறு மாதம், அமெரிக்கக் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம். அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை பாருங்கள். 41 நாள் எந்தக் கணக்கிலும் அதிகம் இல்லை. என் அனுபவத்தில் முதல் மூன்று மாதம் கனமானது, பிறந்திருக்க வேண்டிய தேதி ஒரு பெரிய அடி, உங்களுக்கு அது இந்த நாட்களை ஒட்டித்தான் வருகிறது, இப்போது தனியாக இருக்காதீர்கள். ஆனால் ரெண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் போனாலும், பையனைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாமல் மரத்துப்போனாலும், 'நானும் அவகிட்டயே போயிரலாம்' என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை வந்தாலும், பொறுத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். நான் எழுதும் பதில் அதற்கு மாற்று ஆகாது.

நீங்கள் அம்மாதானா என்ற கேள்விக்கு உடம்பின் சாட்சியும் ஒன்று உண்டு. கர்ப்பத்தில் குழந்தையின் செல்கள் கொஞ்சம் தாயின் ரத்தத்துக்குள் வந்துவிடும், சில வெகுகாலம் தங்கிவிடும். 1996-இல் டயானா பியாங்கி என்ற மருத்துவரின் குழு, மகனைப் பெற்று 27 வருடம் ஆன ஒரு பெண்ணின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டது. அவை அங்கே நல்லது செய்கின்றனவா, கெட்டது செய்கின்றனவா, சும்மா இருக்கின்றனவா என்பதில் இன்னும் வாதம் முடியவில்லை. அதன் மேல் நான் எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டேன். வந்து தங்குகின்றன என்பது மட்டும் உறுதி.

'எத்தனை பிள்ளைங்க?' என்று கேட்டால் என்ன சொல்வது என்ற தடுமாற்றம் உங்களுக்கு இனிமேல்தான் வரும். பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு நான் ரெண்டு என்பேன். அப்படிச் சொன்னதற்காக அவளிடம் மனசுக்குள் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன், பல வருடம். இப்போது கேட்பதில்லை. தெரிந்தவர்களிடம் மூணு என்பேன். அந்தந்த இடத்தில் எது வாயில் வருகிறதோ அதைச் சொல்லுங்கள்.

துணிகளை 16 நாளைக்குள்ளேயே யாருக்காவது கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவசரம் இல்லை. ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் பிறகு கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நான் ஒரு மஞ்சள் சட்டையை வைத்துக்கொண்டேன். முன்பக்கம் நாடா முடிச்சு வைத்தது, என் உள்ளங்கை ரெண்டையும் சேர்த்து விரித்தால் அதற்குள் அடங்கும். வருடத்துக்கு ஒருமுறை பங்குனி வெயிலில் மற்றத் துணிகளோடு எடுத்து உதறிப் போட்டு, பாச்சை உருண்டை மாற்றி, மறுபடி பீரோவில் வைப்பேன். போன பங்குனியில் மூத்தவனின் மகன், அஞ்சு வயசு, கொடியில் காய்ந்த அதைப் பார்த்துவிட்டு 'இது யாரோடது அப்பத்தா?' என்று கேட்டான்.

'உன் பெரிய அத்தையோடது' என்றேன்.

'அத்தை இவ்ளோ சின்னவங்களா?' என்றான். ஆமாம் என்றேன். அவன் அதை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து, அளவு பார்த்து, பத்தவில்லை என்று சிரித்தான். நானும் சிரித்தேன். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, அவனே மடித்துக் கொடுத்தான்.